தலைக்கவசத்தில் ஒரு பொட்டு

அந்தப் பதினான்காம் எண் தலைக்கவசத்தை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள், தம்பி. வெள்ளை நிறம். பக்கவாட்டில் குங்குமப் பொட்டு வைத்தது. அதுதான். காலையில் நீங்கள் அதைக் கையில் வாங்கியதும், "பொட்டு வெச்சு அனுப்பியிருக்காங்க பாருங்க, வீட்டுல பெரியவங்க இருக்காங்க போல" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னீர்கள். நான் அந்தத் தண்ணீர்க் கேன் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பெரியவள் நான்தான். அதனால்தான் வந்திருக்கிறேன்.

என் பெயர் வடிவாம்பாள். அரசுப் பெண்கள் பள்ளியில் முப்பத்துநான்கு ஆண்டுகள் எட்டாம் வகுப்புக்குக் கணிதம் நடத்தி ஓய்வு பெற்றவள். பதினான்காம் எண்ணில் வண்டி ஓட்டப் போகிற பைரவி என் மருமகள். அதோ அந்தக் கொட்டகையில் கொடிகளைக் காட்டி, எது நிற்க, எது வழிவிட என்று பாடம் நடத்துகிறார்களே, அங்கே இரண்டாம் வரிசையில், கூந்தலைத் தாழப் பின்னிப் போட்டிருப்பவள். கவசத்துக்குள் இடிக்காமல் இருக்கப் பின்னலைக் கழுத்தோடு போட வேண்டும். இன்று காலை நான்தான் போட்டேன். கூட்டம் முடிய இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். அதற்குள் நான் உங்களிடம் சொல்லி முடித்தாக வேண்டும்.

நாற்காலியா? நன்றி. முழங்கால் வலி. வலி என்றால், அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்தக் கவசத்தின் மேல் பச்சை வில்லை ஒட்டியிருக்கிறீர்கள். சோதனையில் தேறியது என்று பொருள். அந்த வில்லையை நீங்கள் எடுத்துவிட வேண்டும். அதை அணிந்துகொண்டு அவள் இன்று வண்டி ஓட்டக் கூடாது. ஏன் ஓட்டக் கூடாது என்று அவளுக்குத் தெரியவும் கூடாது. காரணம் எதையாவது நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். சோதிப்பவர் நீங்கள். உங்கள் தீர்ப்பை அவள் எதிர்த்துக் கேட்கமாட்டாள்.

என்ன குறை என்று கேட்கிறீர்கள். குறையே இல்லாமல் வாங்கியது, தம்பி. அதை முதலில் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

இந்தக் கார் ஓட்டத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. இன்றும் இல்லை. பைரவி பம்பு செய்கிற ஆலை ஒன்றில் பொறியாளர். என் மகன் அறவாழி வேலை நிமித்தமாக மாதத்தில் இருபது நாள் சூரத்தில் இருப்பான். வீட்டில் நாங்கள் இருவர்தான். சென்ற ஆண்டு முதல்முறையாக டிராக் என்கிற இந்த வட்டப் பாதையைப் பற்றிச் சொன்னபோது, "புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதற்கு எதற்கம்மா இவ்வளவு வேகம்?" என்று கேட்டேன். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரக்கூட இல்லை. "முப்பத்துநாலு வருசம் எட்டாங்கிளாசையே நீங்க சுத்தலீங்களா, அத்தை?" என்றாள். என்னிடம் அப்படிப் பேசியவர்கள் குறைவு. உள்ளே போய்ச் சிரித்தேன். அவள் எதிரில் சிரிக்கவில்லை. அது என் வழக்கமில்லை.

முதல் தடவை யாரிடமோ கவசம் இரவல் வாங்கிக்கொண்டு போனாள். திரும்பி வந்தவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அது தொளதொளவென்று ஆடியதாம். "சொந்தமாக ஒன்று வாங்கிக்கொள். வீட்டில் அறவாழியின் வண்டிக் கவசம் இருக்கிறதே, அரசு முத்திரையோடு. அது போதாதா?" என்றேன். நான் முத்திரையை மதிப்பவள். அவள் பொறுமையாகச் சொன்னாள். "அது பைக்குக்குங்க அத்தை. ரோட்டுல விழுந்தா காப்பாத்தும். கார்ல தீப்புடிச்சா உள்ள இருக்கற துணி தீயைத் தாங்கணும். வண்டி உருண்டா தலை உள்ளயிருக்கற இரும்புக் கம்பியில திரும்பத் திரும்ப மோதும். அதுக்குன்னு தனியாச் செய்யறது வேற." தீ என்ற சொல்லை அவள் உப்பு என்று சொல்வதுபோலச் சொன்னாள். வாங்குவதானால் சரியாக வாங்கு, நானும் வருகிறேன் என்றேன்.

அவள் தலையை அளந்தவள் நான். தையல் நாடாவால், புருவத்துக்கு ஒரு விரல் மேலே, காதுக்குச் சற்று மேலே, பின்மண்டையில் எங்கே புடைத்திருக்கிறதோ அங்கே. மூன்று முறை அளந்தேன். ஐம்பத்தாறரை, ஐம்பத்தேழு, ஐம்பத்தேழு. "ஒருமுறை பத்தாதுங்களா?" என்றாள். ஒருமுறை அளப்பது அளவே இல்லை என்றேன். நாலு வருடத்தில் அவள் தலையில் நான் கை வைத்தது அன்றைக்குத்தான், தம்பி. கல்யாணத்தன்று அட்சதை போட்டதோடு சரி. நான் தொட்டுப் பழகுகிறவள் அல்ல.

கடைக்காரர் பெயர் நாச்சிமுத்து. என்னைப்போலவே நுணுக்கம் பார்க்கிறவர். உட்புறத் துணியை விரலால் ஒதுக்கி, அடியில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினார். "இந்த முத்திரை இருக்கோணுங்க டீச்சர். இது கார் டிராக்குக்குன்னு குடுக்கறது. எந்த வருசத்துதுன்னும் போட்டிருப்பாங்க. பழசா இருந்தா டிராக்ல உள்ள விடமாட்டாங்க." கண்ணருகே திறப்பு பைக்குக் கவசத்தைவிடக் குறுகலாக இருந்தது. ஏன் என்று கேட்டேன். திறப்பு சிறிதானால் உள்ளே புகுவதும் குறைவு என்றார். விடை சரி என்று எனக்குப் பட்டது.

நடுத்தர அளவு ஒன்று, பெரிய அளவு ஒன்று. பெரியது தலையில் சுகமாக இறங்கியது. சிறியதைப் போட்டதும் அவள் கன்னம் இரண்டும் பணியாரம் மாதிரி உப்பி, பேச்சு குழறியது. நான் உடனே, "பெரியதையே எடு, காற்றோட்டமாக இருக்கும்" என்றேன். பள்ளிச் சீருடை என்றால் ஓர் அளவு பெரிதாகத்தான் எடுக்கச் சொல்வோம். அந்தப் பழக்கம். நாச்சிமுத்து சிரிக்கவில்லை. "அம்மிணி வளரப்போறதில்லீங்க டீச்சர்" என்றார். பெரியதை மாட்டி, தாடைக்கு அடியில் வாரை இறுக்கி, பின்புறம் பிடித்து முன்னால் உருட்டினார். அப்படியே மூக்குக்கு மேல் கழன்று வந்துவிட்டது. வார் இறுக்கிக் கட்டியிருக்கும்போதே. சிறியதையும் அப்படியே உருட்டினார். அது அசையவில்லை. தலைதான் குனிந்தது. பக்கவாட்டில் திருப்பினால் கன்னத்துத் தோலும் கூடவே வர வேண்டுமாம். வந்தது.

பிறகு அதைக் கழற்றாமல் இருபது நிமிடம் உட்காரச் சொன்னார். எங்காவது ஓரிடத்தில் அழுத்தினால் அப்போதுதான் தெரியுமாம். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன். சும்மா இருப்பானேன் என்று சுவரில் இருந்த நாட்காட்டியைப் படிக்கச் சொன்னேன். படித்தாள். பதினேழாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னேன். அந்தக் கவசத்துக்குள் இருந்துகொண்டு, உப்பிய கன்னத்தோடு, நூற்று இரண்டு, நூற்றுப் பத்தொன்பது என்று குழறிக் குழறிச் சொன்னாள். கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும். அன்றைக்கு அவள் எதிரிலேயே சிரித்துவிட்டேன். கழற்றியதும் நெற்றியில் சிவந்த தடம் இருக்கிறதா என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். இல்லை. "தேர்ச்சி" என்றேன்.

புறப்படும்போது நாச்சிமுத்து ஒன்று சொன்னார். "ஒருதடவை பலமாக் கீழ விழுந்துட்டா கொண்டாந்து காட்டீருங்க. வெளிய ஒண்ணுமே தெரியாதுங்க. உள்ள தெர்மாகோல் மாதிரி ஒண்ணு இருக்குது பாருங்க, அது நசுங்கியிருந்தா அவ்வளவுதான், அடுத்த அடியைத் தாங்காது. தெரியலைன்னா மாத்தீருங்க." இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். சொன்னார். என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். தேதியிட்டு, கீழே கோடிட்டு. அந்தக் குறிப்பேடு இதோ இந்தப் பையில்தான் இருக்கிறது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்ல முடியாது, தம்பி. உலகத்தில் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். நான் சொல்ல முடியாது.

ஆயுத பூசை அன்று நடந்தது.

பைரவி ஆலையில் பூசை என்று போயிருந்தாள். வீட்டுப் பூசை என் பொறுப்பு. அரிவாள்மனை, தையல் இயந்திரம், என் பழைய கவராயம், புத்தகங்கள், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். வாசலில் நின்ற காருக்கும் வைத்தாயிற்று. காருக்கு வைத்துவிட்டுக் கவசத்துக்கு வைக்காமல் விடுவதா என்று தோன்றியது. இது பொய்யில்லை. பொட்டு வைக்கத்தான் எடுத்தேன். அதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும்.

பூசை அறைக்கு வெளியே நிற்கிற பீரோவின் உச்சியில் வைத்திருந்தாள். அவ்வளவு உயரத்தில் யாராவது வைப்பார்களா? கீழ்த்தட்டில் வைத்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை. முக்காலி போட்டு ஏறினேன். கையில் சந்தன ஈரம். அந்த வாரும் வழுவழுவென்று இருந்தது. பூசை அறை நிலைப்படி கருங்கல். அதன் விளிம்பில் போய் விழுந்தது. என் தலையுயரத்துக்கும் மேலிருந்து.

ஓசை இன்னும் காதில் இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டாம்.

எடுத்துப் பார்த்தேன். கடுகளவு. கடுகைவிடச் சற்றுப் பெரிது. வெள்ளைப் பூச்சு போய்ச் சாம்பல் நிறம் தெரிந்தது. வேறு ஒன்றுமில்லை. உள்ளே விரலை விட்டு அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் விளங்கவில்லை. குறிப்பேட்டை எடுத்து எழுதியதைப் படித்தேன். மூடி வைத்தேன். சந்தனத்தைக் குழைத்து அந்த இடத்தில் அப்பி, அதன் மேல் குங்குமத்தை வைத்தேன். நடுநெற்றியில் வைக்கலாம் என்றுதான் எடுத்தேன், தம்பி. வைத்தது பக்கவாட்டில். நீங்கள் காலையில் பாராட்டினீர்களே, அந்தப் பொட்டு அது.

மாலையில் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். அவள் பொரியும் பொட்டுக்கடலையுமாகப் பொட்டலம் ஏந்திக்கொண்டு உள்ளே வந்தாள். பூசை அறையில் கவசத்தைப் பார்த்தாள். பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றாள். "அத்தை, நீங்களா வெச்சீங்க?" என்றாள். ஆமாம் என்றேன். "உங்களுக்குத்தான் இது புடிக்காதுங்களே." அவள் கண் கலங்கியது. "ஓட்டப் போறப்பெல்லாம் நீங்க வாசலுக்குக்கூட வரமாட்டீங்க. உங்க மனசுல நான் ஒரு தப்பு பண்ணிட்டுப் போறேன்னு இருக்கும்னு நினைச்சுட்டே போவேன்" என்றாள்.

அவள் அன்று அழாமல் இருந்திருந்தால் நான் அப்போதே சொல்லியிருப்பேன். உறுதியாகச் சொல்லியிருப்பேன்.

மறுநாள் கண்ணாடிபோன்ற ஒட்டுத்தாளை வட்டமாக வெட்டி, பொட்டு அழியாமல் இருக்க அதன் மேல் ஒட்டினாள். பாருங்கள், ஓரம்கூடப் பிசிறில்லை. தீபாவளிக்கு அவள் அம்மா வீட்டுக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனாள். "எங்க அத்தை வெச்ச பொட்டு" என்று அண்ணி, சித்தி எல்லாருக்கும் காட்டினாளாம். அவள் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டு, "பொண்ணைப் பெத்ததுக்கு எனக்கு இன்னிக்குத்தான் நிம்மதியாச்சுங்க சம்பந்தி" என்றார்.

முப்பத்தாறு நாள், தம்பி. ஆயுத பூசையிலிருந்து இன்று வரை எண்ணினேன். ஒவ்வொரு நாளும் ஒரு வாய்ப்பு. சூரத்தில் இருந்த அறவாழியைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "கவசம் கீழே விழுந்தால் என்ன செய்வார்கள்?" என்று பொதுவாகக் கேட்டேன். "ஏம்மா, விழுந்துடுச்சா?" என்றான். இல்லை, பொது அறிவுக்காகக் கேட்டேன் என்றேன். பைரவியிடம், "பொட்டை அழித்துவிடம்மா, வண்டி ஓட்டும்போது நன்றாக இராது" என்றேன். "அழிக்கறதா? அதை வெச்சுக்கிட்டுத்தான் ஓட்டவே போறேன்" என்றாள். நாச்சிமுத்துவிடம் கொண்டுபோய் ஒருமுறை காட்டிவிட்டு வா என்றேன். "வாங்கி ஏழு மாசந்தானுங்களே ஆச்சு, அத்தை. உங்க பரீட்சையிலயே தேறியாச்சு" என்றாள்.

கடைசியாகத்தான் இந்த முழங்கால் வலி. சொல்கிறேன் என்றேனே. வியாழக்கிழமை காலையில் கட்டிலைவிட்டு எழ முடியவில்லை என்றேன். என்னைத் தனியே விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை போகமாட்டாள் என்று கணக்குப் போட்டேன். அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் அழைத்துப்போனாள். படம் எடுத்தார்கள். தைலம் தேய்த்துவிட்டாள், இரண்டு வேளையும். நேற்று, "உங்களை விட்டுட்டுப் போறதுக்கு மனசில்லீங்க அத்தை. நீங்களும் வந்துடுங்க. கார்லயே சாஞ்சு உக்காந்துக்குங்க. ஒரே ஒரு ரவுண்டு பாருங்க" என்றாள். என் கணக்கு தவறிவிட்டது. கணக்கு எனக்குத் தவறுவதில்லை.

என்ன? ஒன்றும் ஆகியிருக்காது என்கிறீர்களா? உள்ளே தலை இல்லாமல் வெறும் கவசம் விழுந்தால் பெரும்பாலும் தாங்கிவிடும் என்கிறீர்கள். பெரும்பாலும். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு உங்கள் மகளை அனுப்புவீர்களா? பார்த்தீர்களா, உங்கள் கை தானாக வில்லைக்குப் போகிறது. கிழித்துவிடுங்கள். அப்படித்தான். நன்றி.

நேற்றே சொல்லியிருந்தால் வேறொன்றுக்கு ஏற்பாடு செய்திருக்கலாம் என்கிறீர்கள். நியாயம். இப்போது உங்களிடம் இருப்பில் ஒன்றும் இல்லையா? ஒன்று இருக்கிறது. எடுங்கள், பார்க்கலாம். முத்திரை சரி. ஆண்டு சரி. இது பெரிய அளவாயிற்றே, தம்பி. வேண்டாம். நான் ஒப்பமாட்டேன். மூக்குக்கு மேல் கழன்று வந்ததை என் கண்ணால் பார்த்தவள் நான். அப்படியானால் அவள் இன்று ஓட்ட முடியாது. மூன்று மாதமாக இந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்தாள். டயர் மாற்றினாள். நேற்று மாலை முழுவதும் அந்தக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பதிவேட்டில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் என்ன எழுதுவது என்கிறீர்கள். பழையது என்று எழுதுங்கள். ஆண்டு உள்ளேயே இருக்கிறது, இல்லையா? அளவு பொருந்தவில்லை என்று எழுதலாமே. அளந்தது நான் என்பது அவளுக்குத் தெரியும். மூன்று முறை அளந்தேன். அதையும் எழுத முடியாது. கண்ணாடித் திறப்பு, வார்... இல்லை, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. நாங்கள் பார்த்துப் பார்த்து வாங்கியது. ஒரு குறைகூட இல்லை.

பேனாவை என்னிடம் நீட்டாதீர்கள்.

என் வகுப்பில் செல்லக்கிளி என்று ஒரு பெண் இருந்தாள். கரும்பலகையில் வட்டம் போடுகிற பெரிய மரக் கவராயத்தை முறித்துவிட்டு, துணி சுற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டாள். மூன்று நாள் கழித்து அவளே வந்தாள். பதின்மூன்று வயது. எழுந்து நின்று எல்லார் எதிரிலும் சொல் என்றேன். சொன்னாள். குரல் நடுங்கியது. ஆனாலும் முழுவதும் சொன்னாள். "உண்மைக்கு மதிப்பெண் உண்டு. மூன்று நாளுக்குக் கிடையாது" என்று சொல்லி, மூன்று வகுப்பு முழுவதும் நிற்க வைத்தேன். அது சரியான தண்டனை என்று பல ஆண்டுகளாக ஆசிரியர்கள் அறையில் சொல்லியிருக்கிறேன். அவள் முகம் எனக்கு நினைவில்லை. இந்த முப்பத்தாறு நாளாக நினைவுபடுத்திப் பார்க்கிறேன். வரவில்லை.

அதோ, கூட்டம் கலைகிறது. பார்த்துவிட்டாள். கையை ஆட்டுகிறாள். எப்படி நடந்து வருகிறாள் பாருங்கள், பள்ளிச் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்தவள்போல.

அந்தக் கவசத்தை இப்படிக் கொடுங்கள். இரண்டு கையாலும் பிடித்திருக்கிறேன், பயப்படாதீர்கள். இந்த ஒட்டுத்தாளின் ஓரத்தை நகத்தால் எடுத்துவிட முடியும். எவ்வளவு இறுக்கமாக ஒட்டியிருக்கிறாள். வந்துவிட்டது. கைக்குட்டையைக் கொஞ்சம் நனைத்துக் கொடுங்கள். சந்தனம் காய்ந்துபோயிருக்கிறது. போதும். இங்கே பாருங்கள். கடுகைவிடச் சற்றுப் பெரிது என்றேனே. காலையில் இது உங்கள் கண்ணில் பட்டிருக்காது. நான் மறைத்தால் அப்படித்தான் மறைப்பேன்.

அந்தக் கட்டத்தை இப்போதைக்கு வெறுமையாக விடுங்கள், தம்பி. அவள் வந்தபின் நான் சொல்வதைக் கேட்டு எழுதுங்கள். இந்த நாற்காலியையும் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்துங்கள்.

வாம்மா, பைரவி. நீ இதில் உட்கார். இல்லை, எனக்கு வேண்டாம். நான் நின்றுதான் சொல்ல வேண்டும். கால் வலிக்கவில்லையம்மா. அது ஒருநாளும் வலிக்கவில்லை.